சான்றுப்பொருள் இலக்கம் ஏழு

களுவாஞ்சிகுடி நீதிமன்றத்தில்
சான்றுப்பொருள் அறைக்குத் திறப்பு வைத்திருக்கும்
நேசதுரை அவர்களுக்கு.

அந்தப் போத்தலைக் கிடத்தி வைங்க.
நிமிர்ந்து நின்றால் தக்கை காயும்,
காய்ந்தால் சுருங்கும், காற்றுப் புகும்,
மறுகா உள்ளே இருப்பது வினாகிரி.
வினாகிரிக்கு என்னை எந்தச் சட்டத்தில் விசாரிப்பார்கள்?

பதினாறு குளிர்காலம்
மெடோக்கில் கொடி வெட்டினவன் நான்.
அங்கேயும் ஒரு பெரிய தண்ணீர்,
அதற்கும் இரண்டு கரை.
சூரியன் படுகிற கரை முழுக்கக் கிறவல்,
நம்மட தாந்தாமலை ரோட்டுக்குக் கொட்டுகிற அதே சாதி,
கொஞ்சம் உருண்டை.
அங்கே படுவான்கரைதான் பெரிய இடம்.
சொன்னால் எழுவான்கரை மச்சான் சிரிக்கிறான்:
"நீ எங்க போனாலும் அக்கரைதான்கா."

ஆயிரத்து எண்ணூற்று ஐம்பத்தைந்தில்
தரகர்கள் கூடி ஐந்து வகுப்பு எழுதினார்கள்,
நாக்கை நம்பி அல்ல, விலைப்புத்தகத்தை நம்பி.
அன்றிலிருந்து
இரண்டாம் வகுப்பை விட்டு முதலாவதுக்கு
ஏறியது ஒரே ஒரு தோட்டம்.
நான் நின்றது ஐந்தாம் வகுப்பில்.
வேலிக்கு அப்பால் இரண்டாம் வகுப்பு.
வேர்கள் கீழால் போய்வந்துகொண்டிருந்தன.
எனக்குக் கூலி இரண்டு பக்கமும் ஒன்று.

ஈரச் சீலையில் சுற்றி
நாற்பத்து மூன்று தடி கொண்டுவந்தேன்.
ஒன்பது பிழைத்தன.
வெட்டி வெட்டி நட்டு நாலு நிரை ஆக்கினேன்.
குளிர் வராத ஊரில்
கொடிக்குப் படுக்கத் தெரியாது, நேசதுரை.
சித்திரை பிறந்ததும் தண்ணீரை மறித்தேன்,
இலையை உருவினேன்,
பட்டினி போட்டு உறங்கவைத்தேன்,
கத்தரித்து எழுப்பினேன்.
பூஞ்சணத்தைக் கச்சான் துடைத்துக்கொண்டு போனது.
ஆவணியில் ஒரே குலையில்
பச்சை, ரோசா, கறுப்பு.
இராச் சூட்டுக்கு நிறம் ஏறாது.
ஒரு யானை வந்து நாலாம் நிரையை
மிதித்துவிட்டுப் போனது, தின்னவில்லை.
அதுவும் ஒரு தரப்படுத்தல்தான்.

பதினொரு போத்தல்.

கசிப்பு என்று யாரோ போன் எடுத்திருக்கிறார்கள்.
மதுவரி ஐயா பீப்பாவுக்குள் மூக்கை விட்டு
"கோடா" என்றார்.
தோலும் விதையும் மிதந்தால் வேறென்ன சொல்வது?
படிவத்தில் கள்ளு, சாராயம், கசிப்பு, கோடா.
வைனுக்குக் கூடு இல்லை.
யோசித்தார்.
பேனையால் பல்லைத் தட்டினார்.
கசிப்பு என்று எழுதி
பக்கத்தில் சின்னதாய், சிவப்பு, என்று போட்டார்.
நல்ல மனுசன்.
பத்தைக் கிணற்றடியில் ஊற்றச் சொன்னார்,
வாழை குடித்தது.
பீப்பா, புனல், குழாய், கத்தரிக்கோல்
எல்லாம் ஆறு இலக்கத்துக்குள் முடிந்தன.
மிஞ்சிய ஒரு போத்தல் ஏழு.

கழுத்துக்கு நூல் கட்டி
அரக்கு உருக்கி முத்திரை வைத்து
துண்டு ஒட்டினார்கள்.
இடம்: அம்பிளாந்துறை, படுவான்கரை.
செய்தவர்: கணபதிப்போடி அழகரெத்தினம்.
அளவு: எழுநூற்றைம்பது மில்லிலீற்றர்.
கீழே வருசம்.
நின்று இரண்டு தரம் வாசித்தேன்.
மெடோக்கில் இந்த நாலு வரிக்குத்தான்
பரம்பரை பரம்பரையாக வழக்காடுகிறார்கள்.

பாதையில் ஏற்றி இக்கரைக்குக் கொண்டுவந்தார்கள்.
நடு வாவியில் அலை அடித்தபோது
பொலிஸ்காரர் அதை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

ஆறு தவணை போய்விட்டது.
சின்னக் குப்பியில் கொழும்புக்குப் போனதற்கு
அறிக்கை இன்னும் வரவில்லையாம்.
ஆறுதலாக வரட்டும்.
குற்றம் என்றால் கட்டுகிறேன்.
உங்கள் அறைக்கு யன்னல் இல்லை என்று கேள்வி,
தடித்த சுவர், வெயில் படாது,
ஆள் நடமாட்டமும் இல்லை.
இந்தக் கரையிலும் அந்தக் கரையிலும்
அப்படியொரு நிலவறை வேறு யாரிடம் இருக்கிறது?

கோடாலிக்கும் களவுபோன சைக்கிளுக்கும் நடுவில்
ஒரு முழம் இடம் போதும்.
துண்டு மேலே பார்க்கட்டும்.